ஓட்டமும் ஓய்வும்

1910-ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்த ஓர் இளைஞரின் குருதியில் அரிவாள்போல் வளைந்த சிவப்பணுக்களைக் கண்டதாக எழுதினார். அந்நோயை நாம் அரிவாள் செல் சோகை என்கிறோம். சோகை என்றதும் நம் நினைவில் எழுபவை இரண்டு: இரும்புச்சத்து மாத்திரை, அசையாத ஓய்வு. இந்நோயின் வரலாறோ இரண்டையும் ஐயத்துடன் நோக்கச் சொல்கிறது.

பிழை ஹீமோகுளோபினில் இருப்பதை 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் நிறுவினர். பெற்றோர் இருவரிடமிருந்தும் அக்கூறு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் அதைச் சுமப்பவர், பெரும்பாலும் நலமாகவே வாழ்பவர். உயிர்வளி குறையும்போதும் உடலில் நீர் வற்றும்போதும் அணுக்கள் விறைத்து நுண்குழாய்களை அடைக்கின்றன. கடும் ஓட்டம் இவ்விரு நிலைகளையும் ஒருசேர உண்டாக்கவல்லது.

டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் பிளிஸ் படைமுகாமில், இக்கூற்றைச் சுமந்த நான்கு கறுப்பினப் புதுவீரர்கள் பயிற்சியின்போது மயங்கி விழுந்து இறந்த செய்தி 1970-இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதன்பின் எழுந்த அச்சம் விலக்கலாக உருவெடுத்தது. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை இத்தகையோரைச் சேர்க்க மறுத்தது. 1987-இல் வந்த ஆய்வொன்று, சுமக்கும் கறுப்பினப் புதுவீரர்க்குப் பயிற்சியில் திடீர் மரணம் நேரும் வாய்ப்பு சுமக்காத கறுப்பினத்தவரைவிட 28 மடங்கு என்றது.

இங்கே கதை திரும்புகிறது. எல்லா வீரர்க்கும் போதிய நீர், இடையிடையே ஓய்வு, வெப்பத்துக்கேற்ற பயிற்சி, படிப்படியான கடுமை என்ற விதிகளை அமெரிக்கத் தரைப்படை வகுத்தது. அவ்விதிகள் நடைமுறையிலிருந்த காலத்தில் ஏறத்தாழ 48,000 கறுப்பின வீரர்களை ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், சுமப்பவர்க்கு மரண வாய்ப்பு கூடுதலாக இல்லை. கடும் உழைப்பால் தசை சிதையும் வாய்ப்பு மட்டும் 54 விழுக்காடு மிகுந்திருந்தது. குருதி பழைய குருதிதான். ஓடச் சொன்ன முறை மாறியிருந்தது.

நோயுற்றோர்க்கும் அசையாமை மருந்தன்று. அவரவர் திறனை அளந்து அமைத்த எட்டு வார மிதமான பயிற்சியை அவர்கள் தீங்கின்றி மேற்கொள்ளலாம் என்பதை 2018-இல் பிரெஞ்சு ஆய்வொன்று காட்டியது. அளவும் மருத்துவர் கண்காணிப்பும் அதன் உயிர்நாடி.

ஊட்டச் சத்துகளின் வரலாறு இன்னும் தயக்கமானது. நலமான சிவப்பணு 120 நாள் வாழ, இவர்களுடையது 10 முதல் 20 நாளில் அழிகிறது. ஓயாது புது அணு ஆக்கும் எலும்பு மச்சைக்கென ஃபோலிக் அமிலம் தருவது நெடுநாள் வழக்கம். இரும்பின் நிலை வேறு. அடிக்கடி குருதி ஏற்றப்படுவோர் உடலில் அது முன்பே தேங்கியிருக்கும். அளந்து பாராமல் மேலும் கொடுப்பது தீங்கு. குளுட்டமின் என்னும் அமினோ அமிலத் தூள் 2017-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. 230 பேரிடம் 48 வாரம் நடந்த சோதனையில், வலித்தாக்கின் இடைநிலை எண்ணிக்கை நான்குக்கு மாறாக மூன்றாக இருந்தது. ஐரோப்பிய மருந்து முகமையின் வல்லுநர் குழு அச்சான்று போதாதென 2019-இல் பரிந்துரைக்க மறுத்தது. ஆனால் ஒரு வலித்தாக்கு குறைவதன் பொருளை வலித்தவரே அறிவர்.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. நீலகிரிப் பழங்குடியினரிடையே இக்கூறு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இலேயே கண்டறிந்தனர். அம்மலையிலிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் இருக்கிறார்கள். ஓட்டத்தின் நடுவே ஒரு மாணவன் கால்வலி என்று உட்கார்ந்தால், ஆசிரியராகிய நம் நாவில் முதலில் வரும் சொல் ‘சோம்பேறி’ என்பதாகவே இருந்துவருகிறது. அதற்கு முன் அவனை நிழலில் அமர்த்தி ஒரு குவளை நீர் கொடுத்து, வலி தணியாவிடில் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நாம் கற்றுக்கொள்ள வேண்டும். படைமுகாம்கள் அதைக் கற்க உயிர்களை விலையாகக் கொடுத்தன.