வழும்புக் கோட்டை

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்குக் கோட்டை முற்றுகை என்றால் ஒரு சபலம் உண்டு. ஆனால் நான் இப்போது சொல்லவந்த கோட்டை கண்ணுக்குத் தெரியாதது. குளத்துப் படிக்கல்லில் கால் வழுக்குகிறதே, பல் துலக்கும் முன் நாக்கில் கொழகொழவென்று தட்டுப்படுகிறதே, அந்த வழும்புதான் கோட்டை. பாக்டீரியாக் கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, சர்க்கரைப் பொருளாலான பசையைச் சுற்றிலும் எழுப்பிக்கொள்கின்றன. உடம்பில் பொருத்திய செயற்கைக் குழாயில் அது படர்ந்துவிட்டால், தனியே திரியும் கிருமியைக் கொல்லும் மருந்துகூட உள்ளே பதுங்கியிருப்பதை ஒன்றும் செய்வதில்லை.

இதற்குள் நுழையத் தெரிந்த ஓர் ஆசாமியை மனிதன் நூறு வருஷத்துக்கு முன்பே அறிமுகம் செய்துகொண்டான். பிறகு அவனையே மறந்தும் போனான்.

1917-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஃபெலிக்ஸ் தெரெல் என்பவர், சீதபேதி நோயாளிகளின் மலத்தை வடிகட்டி எடுத்த நீரில் கிருமிகளைத் தின்னும் ஒன்று இருப்பதாக அறிவித்தார். 'பாக்டீரியோஃபாஜ்' என்று பெயரும் வைத்தார். கிருமிதின்னி என்று நாம் சொல்லலாம். (இங்கிலாந்தில் ட்வார்ட் 1915-லேயே இதைக் கண்டு எழுதியிருந்தார், ஆனால் அதைப் பின்தொடரவில்லை.) 1919-ல் தெரெல் அந்த நீரை முதலில் தாமே குடித்தார், ஆஸ்பத்திரி டாக்டர்களும் குடித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சீதபேதியில் வாடிக்கிடந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கொடுத்தார். பையன் பிழைத்துக்கொண்டான். தாமே குடித்துப் பார்த்துவிட்டுப் பிறர் பிள்ளைக்குக் கொடுத்தாரே, அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரிடம் மரியாதை.

அவருடைய நண்பர் ஜியார்ஜி எலியாவா, ஜார்ஜியா நாட்டுக்காரர். 1923-ல் டிபிலிசி நகரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். தெரெலும் 1933-லிருந்து அங்கே வந்து வேலை செய்தார். தமது புத்தகமொன்றை ஸ்டாலினுக்கே சமர்ப்பணம் செய்தார். அந்த ஸ்டாலின் ஆட்சிதான் 1937-ல் எலியாவாவை 'மக்கள் விரோதி' என்று சுட்டுக் கொன்றது. பாடகியான அவர் மனைவியையும் விடவில்லை. பெரியாவோடு ஒரு பெண் விஷயமாக எலியாவாவுக்குப் பகை என்று ஊர்வதந்தி. வெறும் வாயை மெல்லும் நாவலாசிரியனுக்கு அவல்தான். ஆனாலும் மெல்ல மனமில்லை. அந்த வருஷம் கொல்லப்பட்ட லட்சக்கணக்கானவர்களுக்கெல்லாம் காரணமா இருந்தது?

தெரெல் அதன்பின் டிபிலிசிக்குத் திரும்பவில்லை. பெனிஸிலின் வந்தது. மேல்நாட்டார் கிருமிதின்னியைக் கைகழுவினார்கள். டிபிலிசியிலோ வேலை நடந்துகொண்டே இருந்தது.

2016-ல் அமெரிக்காவில் ஒரு முதியவரின் மார்பில், பெருந்தமனிக்காக வைத்த செயற்கைக் குழாயில் சூடோமோனாஸ் கிருமி வழும்புகட்டிக் குடியேறியிருந்தது. மருந்துகள் அதை அடக்கினவே தவிர ஒழிக்கவில்லை. யேல் சர்வகலாசாலைக்காரர்கள் கனெக்டிகட் மாகாணத்துக் குளமொன்றிலிருந்து எடுத்த கிருமிதின்னியை மருந்தோடு சேர்த்துச் செலுத்தினார்கள்.

அதன் தந்திரம் வேடிக்கையானது. மருந்தை வெளியே இறைத்துத் தள்ள இந்தக் கிருமியிடம் ஒரு பம்பு இருக்கிறது. கிருமிதின்னி பற்றிக்கொள்வது அந்தப் பம்பின் வாயை. தப்புவதற்காகக் கிருமி பம்பை விட்டுக்கொடுத்தால் மருந்து கொன்றுவிடும். வைத்துக்கொண்டால் கிருமிதின்னி உள்ளே புகுந்து, பெருகி, வெடித்து வெளிவந்து அடுத்ததைப் பிடிக்கும். வேறு சில கிருமிதின்னிகளின் வால்நுனியில் பசையையே கரைக்கும் என்ஸைமும் உண்டு. எல்லாவற்றுக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது. வழும்பிலேயே சிக்கி நின்றுவிடுபவையும் உண்டு. ஆகவே ஒவ்வொரு கிருமிக்கும் ஏற்ற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதியவர் குணமடைந்தார். மருந்தையும் நிறுத்தினார்கள். டிபிலிசி நிலையம் இன்றைக்கு எலியாவாவின் பெயரிலேயே நடக்கிறது. மருந்து பலிக்காத வெளிநாட்டு நோயாளிகள் அந்த வாசலுக்குப் போகிறார்கள்.