கருமையின் ஆயுள்

கருப்பு வெள்ளைப் படத்தின் ஆயுளைப் பற்றிய கவலை புகைப்படக் கலை பிறந்த சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. வெள்ளி உப்பால் காகிதத்தில் எடுத்த படங்கள் மஞ்சளித்து மங்கியதைக் கண்டு, 1855இல் லண்டன் புகைப்படச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதன் செலவுக்கு ஆல்பர்ட் இளவரசர் 50 பவுண்டு கொடுத்தார். படத்தை நிலைப்படுத்தப் பயன்படுத்தி, சரியாகக் கழுவப்படாமல் தங்கிவிட்ட ஹைப்போ என்னும் உப்பும் காற்றிலுள்ள கந்தகமுமே முதன்மைக் காரணங்கள் என்று குழு கண்டது.

அதே ஆண்டில் பிரான்சில் அல்ஃபோன்ஸ் புவாத்வேன் வெள்ளியையே விட்டுவிட்டுக் கரியைக் கையிலெடுத்தார். கரி ஒளியில் வெளுக்காது, கந்தகத்துக்கும் அசையாது. ஓலைச்சுவடியில் கீறிய எழுத்துக்குள் புகைக்கரியைத் தேய்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியல்ல. கரித்தூள் கலந்த ஜெலட்டினில் பைக்ரோமேட்டைச் சேர்த்தால், ஒளி பட்ட இடம் இறுகும். மற்ற இடம் வெந்நீரில் கரைந்துவிடும். நடைமுறைக்கு ஒத்துவராமல் கிடந்த இந்த முறையை 1864இல் ஜோசப் ஸ்வான் ‘கார்பன் டிஷ்யூ’ என்ற பூச்சுத் தாளாகச் சீர்செய்தார். எந்த நிறமியைக் கலக்கிறோமோ அதுவே படத்தின் சாயல் என்பதால், கருமையோ செம்பழுப்போ, அச்சிடுபவரின் விருப்பம்தான். ஆயினும் வேலை கூடுதல். மலிவும் வேகமும் வெள்ளியின் பக்கம் இருந்தன. இருபதாம் நூற்றாண்டு வெள்ளி ஜெலட்டின் தாளோடு கழிந்தது.

கணினி வந்தபோது பழைய கவலையும் கூடவே திரும்பி வந்தது. பாடகர் கிரஹாம் நாஷ் தம் கருப்பு வெள்ளைப் படங்களை அச்சிட, அச்சகங்களின் மாதிரிப் பிரதிக்காகச் செய்யப்பட்ட ஐரிஸ் 3047 இயந்திரத்தை 1,26,000 டாலருக்கு வாங்கினார். 1991இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் அவருடைய நாஷ் எடிஷன்ஸ் அச்சகம் திறந்தது. படங்கள் அழகாக வந்தன. ஆனால் அதன் மை நீரில் கரையும் சாயம். பல வண்ணச் சாயங்களைக் கலந்து உண்டாக்கும் சாம்பல் நிறத்தில், ஒன்று முதலில் வெளுத்தால் போதும், படம் முழுவதும் வேறு நிறத்துக்குச் சாய்ந்துவிடும். வண்ணப் படத்தில் கண்ணுக்குத் தப்பும் இக்குறை கருப்பு வெள்ளையில் உடனே தெரிந்துவிடும்.

2000இல் எப்சன் நிறுவனம் வெளியிட்ட ஸ்டைலஸ் போட்டோ 2000பி அச்சுப்பொறி, சாயத்துக்குப் பதிலாக நிறமி மையைக் கொண்டது. ஆயுள் நீண்டது. ஆனால் விளக்கொளியில் சரியாகத் தெரிந்த சாம்பல், பகலொளியில் பச்சை தட்டியது. ஒளி மாறினால் நிறம் மாறும் இக்குணத்தை அச்சுக்காரர்கள் மெட்டாமெரிசம் என்றனர். அதே காலத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜான் கோன் வேறு வழியில் போனார். அவருடைய பியசோகிராஃபி முறையில் அச்சுப்பொறியின் வண்ண மைகளை எடுத்துவிட்டு, வெவ்வேறு அடர்த்தியுள்ள நான்கு கரு மைகளை நிரப்பினர். ஒரே கரு மையால் அச்சிட்டால் வெளிர் பகுதிகளில் புள்ளிகள் துருத்தித் தெரியும். நீர்த்த மைகள் புள்ளிகளுக்கு இடையிலான இடைவெளியை நிரப்பின.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. நுண்ணிய கரித்துகள் நீர்த்த நிலையில் தூய சாம்பலாக இராது, பழுப்பாகத் தெரியும். அதை நடுநிலைக்குக் கொண்டுவர நீலச் சாயலுள்ள நிறமியைச் சேர்க்க வேண்டும். கரி அசையாது நிற்க, சேர்த்த வண்ண நிறமி மெல்ல வெளுக்கும். படம் மீண்டும் பழுப்புக்குத் திரும்பும். நடுநிலைச் சாயலுக்கு ஆயுளில் கொடுக்கும் விலை இது. 2005இல் வந்த எப்சன் அல்ட்ராகுரோம் கே3 மை ஒரு சமரசம் செய்தது: மூன்று அடர்த்திகளில் கருமை, சாயலைத் திருத்தச் சிறிதளவு வண்ணம்.

மையைப் போலவே தாளும் கணக்கில் வரும். பளிச்சென்ற வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிர்வூட்டிகள் காலப்போக்கில் செயலிழக்க, தாள் மஞ்சளடித்துப் படத்தின் சாயலையும் மாற்றும். பருத்தித் தாளை நாடுவோர் இவை கலவாததையே தேடுகின்றனர்.

நூறாண்டு தாங்கும் என்ற மதிப்பீடுகள் பெரும்பாலும் படங்களின் ஆயுளை ஆராயும் ஹென்றி வில்ஹெல்ம் போன்றோர் நடத்திய துரிதச் சோதனைகளிலிருந்து வருபவை. கடும் ஒளியில் படத்தை வைத்து, வெளுப்பை அளந்து, நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் என்ற கணக்கில் ஆண்டுகளாக மாற்றுகிறார்கள். பயனுள்ள ஒப்பீடுதான், ஆயினும் கணிப்பு. ஸ்வான் காலத்துக் கார்பன் படங்கள் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் கருமை குன்றாமல் இருக்கின்றன. கே3 மையில் அச்சான மிகப் பழைய படத்துக்கோ வயது இருபதைச் சற்றே தாண்டியிருக்கிறது.