குல நோயும் ஈரல் மாற்றமும்

ஒரே குடும்பத்தில் குழந்தைகள் அடுத்தடுத்து, இன்னதென்று விளங்காத நோயால் மடியக் கண்டோர் அதனைக் குலசாபம் என்றனர்; ஊழ் என்று கூறி மனம் ஆறினர். அச்சாபத்தின் உண்மைப் பொருளை மருத்துவ உலகம் உணர்ந்ததும், அதற்கு ஒரு மாற்றுக் கண்டதும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும்.

இலண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு காராட், சிலருடைய சிறுநீர் காற்றுப்பட்டதும் கறுத்துவிடும் விந்தையை ஆராய்ந்தார். அவர்களுள் பலருடைய பெற்றோர் நெருங்கிய உறவினராக இருந்ததை 1902-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். 'என்ஸைம்' எனப்படும் நொதிகளுள் ஒன்று பிறவியிலேயே குறைவுபடுவதால், உடலின் வளர்சிதை மாற்றம் ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்று 1908-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் விளக்கினார்.

அத்தகைய நொதிகள் பல, தொழில் புரியும் இடம் கல்லீரல். ஆதலின் ஈரலையே மாற்றினால் நோய் நீங்குமன்றோ? இவ்வெண்ணம் செயலாக அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் 1963-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு ஈரல் மாற்றினார். குழந்தை அறுவை மேடையிலேயே உயிர் நீத்தது. தொடர்ந்த முயற்சிகளும் தோல்வியுற்றன. 1967-இல் ஈரல் பெற்ற குழந்தையொன்றுதான் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது.

ஈரலிலும் மூளையிலும் செம்பு தேங்கி உயிரைக் குடிக்கும் பிறவி நோயை 1912-இல் வில்சன் என்பார் விவரித்திருந்தார். அந்நோயுற்ற சிறுவனுக்கு ஈரல் மாற்றிய செய்தி 1971-இல் வெளியாயிற்று. இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. இடம் மாறிய ஈரல் தன் பிறவிக் குணத்தை விடுவதில்லை. கொடுத்தவர் உடலில் செய்த தொழிலையே பெற்றவர் உடலிலும் செய்கிறது.

அயல் உறுப்பை உடல் தள்ளிவிடாமல் காக்கும் ஸைக்ளோஸ்போரின் மருந்து 1980-க்குப் பின் பயன்பாட்டிற்கு வந்ததும் இம்முறை தழைத்தது. 1984-இல் பிட்ஸ்பர்க் நகரில், பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிகுந்து இதயம் கெட்ட ஆறு வயதுச் சிறுமிக்கு இதயமும் ஈரலும் ஒருங்கே மாற்றப்பட்டன. அவளது கொலஸ்ட்ரால் பெரிதும் தணிந்தது. மஞ்சள் நிறம் மூளையைத் தாக்காதிருக்க நாள்தோறும் பல மணி நேரம் நீல ஒளியின்கீழ்க் கிடக்க வேண்டிய கிரிக்லர்-நஜ்ஜார் நோய்க் குழந்தைகளும் இம்முறையால் விடுதலை பெற்றனர்.

1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு தாய் தன் ஈரலின் ஒரு பகுதியை மகனுக்கு ஈந்தாள். நம் நாட்டில் 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் பிறந்தது. 1998-இல் தலைநகர் தில்லியில் ஒரு தமிழ்க் குழந்தைக்குத் தந்தையின் ஈரற்பகுதி பொருத்தப்பட்டு, இந்தியாவில் குழந்தைகளுக்கான ஈரல் மாற்றம் முதல் வெற்றி கண்டது. அக்குழந்தையின் நோய் பித்தநாளக் குறையே எனினும், பிறவி நொதிக் குறையுள்ள குழந்தைகளுக்கும் அவ்வெற்றி வழி திறந்தது. பிழையான மரபணு ஒன்றும் நல்லது ஒன்றும் உடைய பெற்றோரின் ஈரலே இந்நோய்களுள் பலவற்றிற்குப் போதுமானதாக இருக்கிறது.

எனினும் இது முற்றான முடிவன்று. ஆயுள் முழுதும் மருந்துண்ண வேண்டும். முன்னரே கெட்ட மூளை மீள்வதரிது. ஈரலன்றிப் பிற உறுப்புகளில் மரபணுப் பிழை அப்படியே நிற்கும். டைரோசினீமியா என்னும் நோய்க்கு 1992-இல் மருந்து கண்டபின், அந்நோயில் ஈரல் மாற்றும் தேவையே வெகுவாகக் குறைந்தது. 2025-இல் பிலடெல்பியா மருத்துவர்கள், ஒரு பச்சிளங்குழந்தையின் ஈரலிலுள்ள மரபணுப் பிழையையே திருத்தும் மருந்தை அக்குழந்தைக்கெனவே ஆக்கி அளித்தனர்.

அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் கொள்வது நம்மவர் வழக்கம். காராட் கண்ட உண்மை நம் இல்லங்களுக்கும் பொருந்தும். பெற்றோர் இருவரும் ஒரே பிழையை மறைவாகத் தாங்கியிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. ஆதலின் குடும்பத்தில் குழந்தை ஒன்று காரணம் தெரியாமல் இறந்திருப்பின், அதனை மூடி மறையாமல் அடுத்த மகப்பேற்றுக்கு முன்பே மருத்துவரிடம் கூறுவோமாக. தாயைக் குறைகூறும் பழக்கத்தையும் இன்றோடு விட்டொழிப்போமாக.