அலுமினியத் தோணி

எங்கள் எட்டயபுரம் கரிசல் பூமி. பருத்தி விளையும், கம்பு விளையும். தோணிக்கு ஆகிற நெடும்பலகை மட்டும் விளையாது. அந்த ஊர்க்காரன் தோணியைப் பற்றி எழுத வந்தால் தூத்துக்குடிக்காரர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் மர விஷயத்தில் அவர்களும் நம்மைப்போல ஏழைகளே. வங்குக்கால்களுக்கு நாட்டுக் கருவேலமும் வேம்பும் நல்ல வளைசலாகக் கிடைத்துவிடும். பலகை என்று வந்துவிட்டால், மலையாளத்து அயினிக்கும் தேக்குக்கும் கையேந்த வேண்டியதுதான்.

பழைய துறைமுகத்தில் தோணி கட்டும் ஓடாவி ஒருவரிடம், "அண்ணாச்சி, அலுமினியத்தில் ஒரு தோணி கட்டினால் என்ன?" என்று கேட்டேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பைத்தியக்காரக் கேள்வி அல்ல. 1898-ல் மதராஸ் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற இங்கிலீஷ்காரர் அலுமினியத் தகட்டைத் தட்டிப் பாத்திரம் செய்யக் கற்றுக்கொடுத்தார். எங்கள் ஊரில் பஞ்சாலை வைத்து நொடித்துப்போன சின்னச்சாமி ஐயர், பாரதியாரின் தகப்பனார், காலமானதும் அதே வருஷம்தான். சாட்டர்டனின் தொழில் பிழைத்தது. தகடு மட்டும் சீமையிலிருந்தே வந்தது. 1906-ல் ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 25 ரூபாய்ப் பங்குகளாக மூலதனம் திரட்டி, 'காலியா', 'லாவோ' என்று இரண்டு ஸ்டீமர்களைத் தருவித்தார்கள். முதலும் மாலுமியும் சுதேசி; கப்பல் சீமைச் சரக்கு! 1908-ல் பிள்ளையவர்களைச் சிறையில் தள்ளினார்கள். 1911-க்குள் கம்பெனியும் கலைந்தது.

அந்த ஸ்டீமர்களும் கரைக்கு வந்து நின்றதில்லை. தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. கப்பல் சில மைல் தள்ளி நிற்கும். சரக்கைத் தோணிதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1974-ல் புதிய துறைமுகம் திறக்கும்வரை இதுவே வழக்கம். ஆழமில்லாத கடலில் ஓடம் எவ்வளவு லேசோ அவ்வளவு லாபம். ஒரு கன அடி இரும்பு சுமார் 222 கிலோ. அலுமினியமோ 76 கிலோ. கனத்த பலகைக்குப் பதில் மெல்லிய தகடு போதும். மிச்சமாகும் பாரத்துக்கு இன்னும் சில மூட்டை ஏற்றலாம். மரத்தைத் துளைக்கும் கடற்புழு இதை ஒன்றும் செய்யாது. பஞ்சு அடைக்கிற வேலையில்லை. துரு? காற்றுப் பட்டதும் அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக்கொள்கிறது.

ஆனால் அதற்கும் ஒரு சத்துரு உண்டு. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைக்கக் கூடாதென்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கடலில் அந்தச் சத்துரு செம்பு. உப்பு நீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப் போகும். 1895-ல் அமெரிக்கர்கள் 'டிபெண்டர்' என்ற பந்தயப் படகைக் கட்டினார்கள். நீருக்குள் வெண்கலம், மேலே அலுமினியம். பந்தயத்தில் ஜெயித்தது; 1901-ல் அதை உடைத்தே போட்டுவிட்டார்கள். பிற்பாடு செம்பை விலக்கி மக்னீஷியம் கலக்கப் பழகிய பிறகுதான் இந்த உலோகம் கடலோடு சமாதானமாயிற்று. 1952-ல் ஓடிய 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற பெருங்கப்பலின் மேல்கட்டு முழுதும் அலுமினியம். அட்லாண்டிக்கை அதைவிட வேகமாக எந்தப் பயணிக் கப்பலும் அதற்குமுன் கடந்ததில்லை.

உலோகமும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. 1943-ல் ஆலுவாயில் உருக்கினார்கள். 1965 முதல் பல வருஷம், ஏற்காட்டு மலையின் பாக்ஸைட்டை மேட்டூரில் உருக்கினார்கள். ஒரு கிலோவுக்குப் பதினான்கு பதினைந்து யூனிட் மின்சாரம் குடிக்கும் உலோகம் அது. விலையின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவையும் ஓடாவியிடம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க சொல்றது நெசந்தான். கொழும்புக்குப் போற வழியில பலகை விட்டுதுன்னா, பஞ்சையும் குங்கிலியத்தையும் வச்சு அடைச்சுக் கரை சேர்ந்திருவோம். தகடு கிழிஞ்சா நடுக்கடல்ல ஒட்டுறதுக்கு யாரு இருக்கா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மரக்கடைக்காரரு எங்க அப்பா காலத்திலேருந்து எனக்குக் கடன் குடுக்காரு. அலுமினியக்காரன் குடுப்பானா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனையோ கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துக்கொண்டன. அவை நிவாரணமாக வந்தவை, கடன் பேச்சே எழவில்லை. அண்ணாச்சி அலுமினியத் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். உள்ளே வெறும் மோர்ச்சோறு. குழம்பு தனியாக ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தது.