புகையிலை காசான கதை

"கெட்ட காலத்துக்கு அரிசி பருப்பு மட்டும் போதாது, தூள் புகையிலையும் வாங்கிப் பதுக்கி வைக்கணும். பணம் செல்லாமப் போனா அதைக் கொடுத்து எதை வேணும்னாலும் வாங்கிக்கலாம்." இப்படி ஒரு யோசனை உலகத்துல ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருக்கு. கேட்டா சிரிப்பு வரும். ஆனா சரித்திரத்துல இதுக்கு ஆதாரம் இருக்கு. அதே சரித்திரம் இன்னொரு விஷயத்தையும் சொல்லுது.

பணம் செல்லாமப் போற பயம் எங்க சடையங்குப்பம் பக்கம் புதுசு இல்லீங்க. இங்க பக்கத்துலயே பர்மா நகர் இருக்கு, பேரே பாதிக் கதையைச் சொல்லிடும். 1942-ல பர்மாவைப் பிடிச்ச ஜப்பான்காரன் தன்னோட நோட்டை அடிச்சு விட்டான். 1945-ல அவன் தோத்ததும் அது வெறும் காகிதம். மறுபடி 1964 மே மாசம், நே வின் அரசாங்கம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சது. கடைகளையும் அரசுடைமை ஆக்கிட்டாங்க. லட்சக்கணக்குல இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினாங்க. தமிழர்கள் நிறையப் பேர் சம்பாதிச்சதை அங்கயே விட்டுட்டு சென்னைத் துறைமுகத்துல வந்து இறங்கினாங்க. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 கதை நம்ம எல்லாருக்கும் தெரியும்.

ஆக, பயம் நியாயமானதுதான். மருந்து புகையிலையா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவுல வர்ஜீனியான்னு ஒரு பிரிட்டிஷ் குடியேற்றம். அங்க நாணயத் தட்டுப்பாடு. 1642-ல புகையிலையையே சட்டப்படி செல்லுபடியாகும் பணமா ஆக்கினாங்க. வரி, கடன் எல்லாம் புகையிலையில. பாதிரியாருக்குக்கூட வருஷத்துக்கு 16,000 பவுண்டு எடை புகையிலைதான் சம்பளம்! என்ன ஆச்சு? தோட்டத்துல பணம் காய்க்குதுன்னா சும்மா விடுவாங்களா, ஆளாளுக்குப் பயிர் வெச்சாங்க. விலை விழுந்தது. 1682-ல விலையை ஏத்தறதுக்காக ராத்திரியோட ராத்திரியா வயல்ல இறங்கிப் பயிரை வெட்டிப் போட்டாங்க. நல்ல இலையை வித்துட்டு, கழிசலைக் கடனுக்குக் கட்டினாங்க. கடைசியில 1730-ல சட்டம் போட்டு, கிடங்குல தரம் பார்த்து, ரசீது குடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த ரசீதுதான் கைமாறிச்சு. சுத்தி வளைச்சு மறுபடி காகிதம்தான் :-)

ரெண்டாவது கதை இரண்டாம் உலகப் போர் காலத்தது. ஜெர்மனியில கைதியா இருந்த ராட்ஃபோர்ட் என்கிற பிரிட்டிஷ் பொருளாதாரக்காரர், தன்னோட முகாம் அனுபவத்தை 1945-ல கட்டுரையா எழுதினார். செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலத்துல வந்த சிகரெட்தான் அங்க பணம். ரொட்டி, ஜாம், சட்டை எல்லாத்துக்கும் சிகரெட்டுலதான் விலை. தூள் புகையிலையைக் கையால சுருட்டியும் புழக்கத்துல விட்டாங்க. ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. வாங்கறவன் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்க வேண்டியதாப் போச்சு. ஆலையில செஞ்ச சிகரெட்டையும் உருட்டி உருட்டி உள்ளிருந்து கொஞ்சம் தூளை உதிர்த்துக்கிட்டாங்க.

அந்தக் கட்டுரையில என்னை நிறுத்தினது வேற இடம். சிகரெட் இல்லாம இருக்க முடியாதவங்க தங்களோட சாப்பாட்டுப் பங்கையே வித்தாங்க. பல பேர் சத்துக் குறைஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போற நிலைமை வந்ததும், ஒரு கட்டத்துல ஜெர்மன்காரன் குடுக்கற ரேஷனை விக்கவே கூடாதுன்னு தடை போட வேண்டியதாச்சு.

புகைக்காதவனுக்குப் புகையிலை சேமிப்பு. புகைக்கிறவனுக்கு அது வயித்துச் சோறு. நாம பதுக்கி வைக்கறோம்னு சொல்றது, பசியிலயும் அதைக் கேட்டு வரப்போற இன்னொருத்தனோட பழக்கத்தை நம்பித்தான். 2020 ஊரடங்குல பீடி, சிகரெட் பல மடங்கு விலைக்கு வித்தப்போ அதிகம் அடிபட்டதும் தினக்கூலிக்காரன்தான்.

சரி, மனசாட்சியை ஒதுக்கி வெச்சாலும் எங்க ஊருக்கு இது ஒத்து வராது. புகையிலை ரொம்பக் காஞ்சா பொடியாகும், ஈரம் பட்டா பூஞ்சை பிடிக்கும், ரெண்டும் இல்லேன்னா வண்டு துளைக்கும். சடையங்குப்பத்துல கொசஸ்தலையாறு பொங்கினா வீட்டுக்குள்ளயே தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தப்போ எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வந்தது. அப்பேர்ப்பட்ட தண்ணியில புகையிலை மூட்டை என்னத்துக்கு ஆகும்?

ஜெர்மனியிலயும் 1948 ஜூன்ல புது மார்க் நோட்டு வந்ததும் சிகரெட் மறுபடி வெறும் சிகரெட் ஆயிடுச்சு. மூட்டை மூட்டையா வெச்சிருந்தவன் கையில அப்போ என்ன மிஞ்சியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

என்னைக் கேட்டா, கெட்ட காலத்துக்கு எதையாவது சேர்த்து வைக்கணும்னா அரிசி, உப்பு, தீப்பெட்டி, மாத்திரை. காசு செல்லலைன்னாலும் நாமளே தின்னலாம், பக்கத்து வீட்டுக்கும் குடுக்கலாம்.