மரப்பு ஊசியும் இதயமும்

பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டிருப்பீர்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகு அறுவையும் அதே வகை மருந்தால், நோயாளி விழித்திருக்கும்போதே நடைபெறுகிறது. முழு மயக்கம் இல்லையே, இதயத்துக்கு என்ன ஆபத்து என்று கேட்பீர்கள்.

1884-இல் வியன்னாவில் கார்ல் கோல்லர், கண்ணில் கொக்கெய்ன் கரைசலைச் சொட்டி வலியின்றி அறுவை செய்யலாம் என்று கண்டார். ஆனால் அது உயிர்களையும் பறித்தது. 1903-இல் ஜெர்மானியரான ஹைன்ரிக் பிரவுன் அதனுடன் அட்ரினலினைச் சேர்த்தார். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து இரத்தத்தில் விரைந்து கலக்காமல் தடுக்கும். (அதுவே இதயத்தைப் படபடக்க வைக்கும் என்பது வேறு தொல்லை!)

1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெய்னைத் தயாரித்தார. நரம்பில் சோடிய அயனிகள் நுழையும் வாயில்களை இது அடைத்துவிடும். வலிச் செய்தி நின்றுபோகும். இதே போன்ற வாயில்கள் இதயத் தசையிலும் உண்டு! எனவே அளவோடு தந்தால் தாறுமாறான துடிப்பை அடக்கும் இம்மருந்து, அளவு மீறினால் துடிப்பையே நிறுத்திவிடலாம்.

1987-இல் கலிபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன், இவ்விரண்டையும் உப்புநீரில் மிகவும் நீர்க்கச் செய்து கொழுப்பில் பாய்ச்சும் முறையை வெளியிட்டார். அட்ரினலினுடன் லிடோகெய்னின் வழக்கமான உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். இம்முறையில் 35 வரை தரலாம் என 1990-இல் அவர் எழுதினார். கொழுப்பிலிருந்து மருந்து மெல்லக் கசிவதே காரணம். ஆனால் கவனியுங்கள்: இரத்தத்தில் அது உச்சத்தை எட்டச் சுமார் 12 மணி நேரமாகும். அப்போது நோயாளி வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்!

இவ்வகை மருந்துகளுள் இதயத்தை மிகவும் தாக்குவது பியூபிவகெய்ன். அதனால் நின்ற எலிகளின் இதயத்தை, சிரையில் கொழுப்புக் குழம்பு செலுத்தி மீட்கலாம் என 1998-இல் கை வைன்பெர்க் குழுவினர் காட்டினர். 2006-இல் மனிதர் ஒருவர் அவ்வாறே பிழைத்த செய்தி வெளிவந்தது.