புதுசு கிடைக்காத காலத்துக் கார்புரேட்டர்

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. ஆனாலும் மதுரையில் பஸ் நிற்கவில்லை. 1912-இல் இங்கே பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுக்கும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டைத் தயாரித்து வண்டிகளில் பொருத்தினார். வண்டியோடு ஓர் உலையும் சேர்ந்து ஓடும். போதிய காற்றில்லாமல் கரி புகையும்போது வருகிற வாயுவை வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விடுவார்கள். எவ்வளவு காற்று என்பதை ஒரு வால்வைக் கையால் திருகித்தான் சரிபார்க்க வேண்டும். கரி மாறினால் வாயு மாறும், வாயு மாறினால் காற்றின் அளவும் மாறும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே திருகியாக வேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியின் அப்பா அந்தக் காலத்து பஸ் ஷெட் ஒன்றில் கையாளாக இருந்தவர். காற்று கூடினால் எஞ்சின் எப்படி இருமும், குறைந்தால் எப்படிக் கம்மும் என்பதை மகனுக்கு வாயாலேயே சத்தம் எழுப்பிக் காட்டுவாராம். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்த பிறகும் அந்தக் காது குடும்பத்தில் தங்கிவிட்டது. எரிபொருளையும் காற்றையும் சரியான அளவில் கலப்பதுதானே கார்புரேட்டரின் வேலை? மதுரையில் கார்புரேட்டர் வேலையின் வரலாற்றை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

பஸ்கள் டீசலுக்கு மாறின. 1972-இல் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தபோது பஸ் ஷெட்டில் கார்புரேட்டருக்கு வேலையே இல்லை. டீசல் எஞ்சினுக்கு அது தேவையில்லையே. வேலை கார் ஷெட்டுகளுக்கு நகர்ந்தது. அன்றைக்குக் கார் என்றால் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அவ்வளவுதான். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டிகள். இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு. பிரெஞ்சுக்காரர்களின் சோலெக்ஸ் கார்புரேட்டரைச் சென்னையில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் உரிமம் பெற்றுச் செய்தது. ஆனாலும் தேய்ந்ததைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டும் வசதி நம் பக்கத்து ஆட்களில் எத்தனை பேருக்கு இருந்தது? ஆகவே பழசையே பிழைக்க வைத்தார்கள். இன்று பழைய கார் பிரியர்கள் பெருமையோடு செய்யும் இந்த வேலை, அன்றைக்கு டாக்ஸிக்காரர் மறுநாள் சவாரிக்குப் போவதற்காகச் செய்தது.

பியட்டில் வரும் சோலெக்ஸ் 32 பி.பி.ஐ.சி.யை எடுத்துக்கொள்வோம். 32 என்பது காற்றுவழியைத் திறந்து மூடும் பட்டர்ப்ளைத் தகடு உட்காரும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டின் தலையில் 120 என்றிருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். நடுவே ஒடுங்கிய தொண்டையில் காற்று வேகம் பிடிக்கும், அங்கே அழுத்தம் குறையும், அந்த உறிஞ்சலில் பெட்ரோல் ஜெட் வழியாக ஏறிவந்து காற்றில் சிதறும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 15 பங்கு காற்று. இந்த விகிதம் கெடக்கூடாது என்பதால்தான் ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குடைகிறவனை மேஸ்திரி ஷெட்டுக்குள்ளேயே விடமாட்டார். பித்தளை மென்மையானது. துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் எண் பொய்யாகிவிடும்.

பெரும்பாலான வண்டிகளுக்கு நோய் ஜெட்டில் இருக்காது, பட்டர்ப்ளையைத் திருப்பும் ஸ்பிண்டில் தண்டில்தான் இருக்கும். கார்புரேட்டரின் உடம்பு துத்தநாகக் கலவை, உள்ளே ஓயாமல் திரும்புவது எஃகு. வருஷங்கள் போகப் போகத் துளை நீள்வட்டமாகித் தண்டு ஆடும். "காத்து திருடுதுடா" என்பார் மேஸ்திரி. ஐடிலில் ஓடும்போதே தண்டின் இரு பக்கமும் கெட்டி கிரீஸை அப்புவார். தடுமாறிய எஞ்சின் அமைதியானால் கோளாறு அங்கேதான். மிக்ஸர் ஸ்க்ரூவை எத்தனை திருகினாலும் அது சரியாகாது.

அப்புறம் லேத்துக்குப் போகும். பட்டர்ப்ளையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகின் முனையும் நசுக்கப்பட்டிருக்கும். அதை அரத்தால் ராவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், முரட்டுத்தனம் செய்தால் தண்டு முறியும். துளையைப் பெரிதாக்கி இரு பக்கமும் பித்தளைப் புஷ் அடித்து, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட்டு எடுப்பார்கள். திரும்பப் பூட்டும்போது திருகைத் தளர்வாக வைத்துப் பட்டர்ப்ளையை மூடிவிட்டால் அது தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார் மேஸ்திரி. ஓரத்தில் ஒளி கசிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. திருகு முனையை மீண்டும் நசுக்க மறக்கவே கூடாது, கழன்றால் நேரே எஞ்சினுக்குள் விழும்.

கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் பித்தளை ப்ளோட் ஓட்டையானால் வெந்நீரில் அமுக்குவோம். உள்ளே புகுந்த பெட்ரோல் ஆவியாகிக் குமிழிவிட்டு ஓட்டையைக் காட்டும். பற்றவைக்கும் ஈயம் கூடிவிட்டால் ப்ளோட் கனத்து, பெட்ரோல் மட்டம் ஏறி, ஓவர்ப்ளோ ஆகும். எனக்குத் தெரிந்து இதைவிட நுணுக்கமான ஈயப்பற்று வேலை வேறில்லை.

1983-இல் மாருதி வந்தது. அதற்குக் கார்புரேட்டர் செய்ய 1985-இல் ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தோடு கூட்டாக யூகால் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2000-க்குப் பிறகு புதுக் கார்களில் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததும் பைக்குகளிலும் கார்புரேட்டர் நின்றுபோனது.

மதுரை கூடல் நகர்ப் பக்கத்திலுள்ள என் ஷெட்டுக்கு இப்போது வருவதெல்லாம் அப்பா ஓட்டிய வண்டி, தாத்தா வாங்கிய வண்டி. கடையில் கிடைக்கும் நகல் கார்புரேட்டரை மாட்டிவிடச் சிலர் கேட்கிறார்கள். பழைய உடம்பை எறியாதீர்கள் என்று கெஞ்சுவேன். அதன் உலோகம் புஷ்ஷைத் தாங்கும், நகல்கள் பலவற்றில் துளையே நேராக இருப்பதில்லை.

இன்றைய தலைவலி 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பூத்துத் துத்தநாகத்தை அரிக்கிறது, பழைய ரப்பர் உப்பிப்போகிறது. பம்ப் டயாஃப்ரம் மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை நிறுத்துமுன் டாங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கிண்ணம் காலியாகி எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.